முப்பது நிமிஷமும் ஒரு டம்ளர் மோரும்

எட்டுக்குள் கால் வைத்தாயிற்று. மணி நாலு ஐம்பது, ஐந்து இருபது வரைக்கும் இதுதான் என் மைதானம், மொட்டை மாடியில் இவர் சிவப்புப் பெயிண்டில் போட்டுக் கொடுத்த எட்டு, தெற்கே ஒரு வளையம், வடக்கே ஒரு வளையம், நடுவில் ஒரு குறுக்கு. உறையூரில் பாதி மாடிகளில் இந்த எட்டு உண்டு, பூங்காவிலும் உண்டு, அங்கே டைல்ஸ் பதித்து அம்புக்குறியெல்லாம் போட்டு, இப்படிப் பதினைந்து நிமிஷம், எதிர்ப்பக்கமாகப் பதினைந்து நிமிஷம், நடந்தால் சர்க்கரை போகும், மூட்டுவலி போகும், சளி போகும் என்று ஒரு போர்டு, போகாதது என்று ஒன்றும் அந்தப் போர்டில் இல்லை. இருபத்திரண்டு வருஷம் நானூறு மீட்டர் டிராக்கில் பெண்பிள்ளைகளை விசிலடித்து விரட்டிய பி.டி. டீச்சர் இந்திராணி இப்போது கோலத்துக்குள் மாட்டிய எறும்பு மாதிரி சுற்றுகிறாள். சிரிக்கலாம், மூச்சு வாங்காத வரைக்கும். காலையில் ரத்தம் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் ஐந்து மணிக்கு, இவர் வேலை விட்டு நேரே லேபுக்குப் போய்க் கையில் வாங்கிக்கொண்டுதான் வருவார், போனில் வேண்டாமாம், காகிதத்தில் பார்த்தால்தான் நம்பிக்கையாம். அந்தக் காகிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு எண், கிரியாட்டினின். ஒன்று புள்ளி சில்லறை என்றால் இவர் எனக்குக் கொடுத்த கிட்னி போன மாதக் காய்ச்சலைத் தாங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டைத் தாண்டினால் மறுபடி ஊசி, மறுபடி அட்மிட், அதற்கு மேல் யோசிக்க மாட்டேன், அதற்கு மேல் டயாலிசிஸ் நாற்காலி, யோசிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே யோசித்துவிட்டேன். இடது, வலது, இடது.

வெயில் இறங்கிவிட்டது, தரை இன்னும் இறங்கவில்லை, செருப்பைத் தாண்டிச் சூடு வருகிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடக்கு வளையத்தில் பாதியை மூடியிருக்கிறது, அங்கே வரும்போது மட்டும் உடம்பு ஆறுகிறது, அந்த நாலு அடிக்கு நன்றி. எனக்கு இப்போதெல்லாம் நன்றி சொல்வதற்குக் காரணமே வேண்டியதில்லை. காலையில் பாத்ரூமில் உட்கார்ந்து மூத்திரம் போகும் சத்தத்தைக் கேட்டு, அப்பாடா, தாயே, என்று கும்பிடுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் இருப்பேன். இரண்டு வருஷம் அந்தச் சத்தமே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான், அதில் மாத்திரைக்கு ஒரு டம்ளர் போய்விடும், மிச்சத்தை ஸ்பூனால் குடித்தேன், பழைய விசிலை வாயில் போட்டு எச்சில் ஊறுமா என்று பார்த்தேன். ஓடுகிறவளுக்கு நோய் வராது என்று மைக்கைப் பிடித்துச் சொன்ன வாய் அது. காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொண்டு வந்த பிள்ளைகளை, ரெண்டு ரவுண்டு ஓடு, வேர்த்தா ஜுரம் போயிடும் என்று விரட்டியிருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும். தினமும் ஆறு கிலோமீட்டர் ஓடியவளின் இரண்டு கிட்னியும் சத்தமில்லாமல் ராஜினாமா செய்தன. பிறகு சென்னை ஆஸ்பத்திரியின் அந்த நீளமான ஹால். புருஷனுக்குக் கொடுக்க வந்த பெண்டாட்டிகள், மகனுக்குக் கொடுக்க வந்த அம்மாக்கள், அண்ணனுக்குக் கொடுக்க வந்த தங்கச்சி, கொடுக்கிறவர்கள் பெஞ்சில் வரிசையாகப் புடவையும் சுடிதாருமாக உட்கார்ந்திருக்க, கடைசியில் ஒரே ஒரு பேண்ட் சட்டை, என் வீட்டுக்காரர் ஞானசேகர், கையில் டிபன் பையோடு. ஒர்க்‌ஷாப்பில் பக்கத்து ஆள் ஸ்பானர் கேட்டால் எடுத்துக் கொடுப்பது மாதிரி கொடுத்தார். பயமே தெரியாத மனுஷன். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி நான்தான் புரண்டு புரண்டு படுத்தேன், அவர் பக்கத்துக் கட்டிலில் அசையாமல் தூங்கினார். வலது பக்கம் அடிவயிற்றில் கை வைத்தால் இப்போது கொஞ்சம் மேடாகத் தெரியும், அது அவர். அங்கே பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷிப்ட், இங்கே என் வயிற்றில் இருபத்துநாலு மணி நேர ஷிப்ட், நாலு வருஷமாக ஒரு நாள் லீவு போடாத ஆள்.

போன மாதம் வரைக்கும். சரி, அங்கே போகாதே, நடையைப் பார். நடை எதற்கு என்று டாக்டர் ரெஹானா எனக்குப் புரியும்படி சொல்லிவிட்டார்கள், டீச்சருக்கே டீச்சர். உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள், வெளியாள் யார் வந்தாலும் அடித்துத் துரத்துவது அவர்கள் வேலை, உங்க வீட்டுக்காரர் கிட்னியும் அவங்களுக்கு வெளியாள்தான், அதனால காலையில எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை குடுத்து அவங்களை அரைத்தூக்கத்துல வெச்சிருக்கோம். அரைத்தூக்கத்தில் இருக்கிற வாட்ச்மேன் நல்லவனையும் விடுவான், திருடனையும் விடுவான், அதனால்தான் எனக்கு மாஸ்க், அதனால்தான் கொதிக்க வைத்த தண்ணீர், அதனால்தான் கல்யாண வீட்டில் தூரத்து நாற்காலி. அளவாக நடந்தால் அவர்களும் எழுந்து ஒரு ரோந்து போய்விட்டு வந்து உட்காருவார்கள், ரத்தம் ஓடும், சர்க்கரை ஏறாது, எலும்பு கரையாது, தினமும் அளவாக நடக்கிறவர்களுக்குச் சளி காய்ச்சல் குறைவு என்று கணக்கெடுத்திருக்கிறார்களாம். அளவுக்கு மேல் போனால்? அதுல ரெண்டு கட்சி இருக்கு டீச்சர், ரொம்ப தூரம் ஓடி முடிச்ச சில மணி நேரம் உடம்போட கதவு திறந்து கிடக்கும்னு ஒரு கட்சி, கதவெல்லாம் திறக்கல, போட்டிக் கூட்டமும் தூக்கமில்லாததும் வெளிச்சாப்பாடும்தான் காரணம்னு இன்னொரு கட்சி, உங்களுக்கு எந்தக் கட்சியும் வேண்டாம், முப்பது நிமிஷம், பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. நான் சோதித்துப் பார்க்கிறேன், அம்மா தாயே என்று சொல்ல வருகிறது, இழுத்துப் பாடப் பார்த்தால் மூச்சு உதைக்கிறது. அளவு சரி. நடையையும் மாத்திரை மாதிரி எண்ணிச் சாப்பிட வேண்டிய பிழைப்பு. மாத்திரை ஒன்று என்றால் ஒன்று சாப்பிடுகிறேன், நடையில் மட்டும் எனக்கு எப்போதும் ஆசை மிஞ்சிவிடுகிறது.

மிஞ்சித்தான் விட்டது. ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் ஒன்று புள்ளி ஒன்று என்று யாரோ சொன்னார்கள், அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டது, சமயபுரத்தாளே, உன் தேருக்கு உறையூரிலிருந்து நடந்தே வருகிறேன். நாலு சித்திரை தள்ளிப் போட்டேன். இவர், பஸ்ல போய்ப் பாத்தா ஆத்தா கோவிச்சுக்குவாளா என்பார். கோவிக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, பக்தர்களுக்காகத் தானே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடக்கிற சாமி, துள்ளுமாவும் பானகமும் நீர்மோரும்தான் அவளுக்குப் படையல். உப்பில்லாமல், தண்ணீரை அளந்து இரண்டு வருஷம் கிடந்தவள் நான், உனக்கும் எனக்கும் ஒரே டயட் தாயே என்று அவளோடு உரிமையாகப் பேசியிருக்கிறேன். அம்மை போட்ட உடம்பை ஆற்றுகிறவள், காய்ச்சலுக்கே சொந்தக்காரி, அவளுக்கு நன்றி சொல்லப் போய்க் காய்ச்சலை வாங்கி வந்த புத்திசாலி இந்த ஊரில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள். தெருப் பெண்களோடு விடியற்காலையில் கிளம்பினேன், டோல்கேட் வரைக்கும் பஸ், அங்கிருந்துதான் நடை என்று இவரிடம் சொல்லிவிட்டு. பஸ் ஏறவில்லை, சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதே மஞ்சள் புடவைக் கூட்டத்தில் கால் தானாக வேகம் பிடித்தது, வெறுங்காலில் தார் ரோட்டின் சொரசொரப்பு, ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் பின்னால் நூறு பேர், நான் முந்துகிறேன், இன்னொருத்தியை முந்துகிறேன், ஐம்பது வயதில் அந்தச் சந்தோஷம் எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. மாஸ்க் வேர்வையில் நனைந்து மூக்கில் ஒட்டியது, இறக்கிக் கழுத்தில் விட்டேன். கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் ஒரு பந்தல், நீல டிரம், ஒரு பெண் அதில் அலுமினியச் சொம்பை முக்கி டம்ளரில் ஊற்றி நீட்டினாள். ஆத்தா மோர்க்கா, குடிச்சிட்டுப் போ. கறிவேப்பிலை, பச்சைமிளகாய், பெருங்காயம், மேலே கொத்தமல்லி மிதக்கிறது, டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்திருக்கிறது. வெளித் தண்ணீர் தொடக்கூடாதவள். எனக்குத் தெரியும். தெரிந்தே வாங்கினேன். அவள் கையைத் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை என்று சொல்லலாம், படையல் மோரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றும் சொல்லலாம், உண்மை என்னவென்றால் எனக்குத் தாகம். ஒரே மூச்சில் குடித்தேன். அந்த மோர் நன்றாக இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் நாக்கு வெட்கமில்லாமல் நன்றி சொல்கிறது.

குறுக்கில் கால் தடுக்குகிறது, இங்கேதான் எப்போதும் தடுக்கும், நினைப்பும் இங்கேதான். இரண்டாம் நாள் வயிறு, மூன்றாம் நாள் காய்ச்சல், நாலாம் நாள் ஸ்ட்ரெச்சர். ஒன்று புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி நாலு ஆகியிருந்தது. பாதத்துக் கொப்புளம் காட்டிக்கொடுத்துவிட்டது, முழுத் தூரமும் நடந்ததை இவர் முதல் நாளே கண்டுபிடித்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை, கொப்புளத்துக்கு மருந்து போட்டார். மோரைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. டாக்டர் ரெஹானா கட்டிலோரம் நின்று கேட்டார்கள், டீச்சர், வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா, தண்ணி, ஜூஸ், பிரசாதம்? இவர் கால்மாட்டில் நிற்கிறார், அவருடைய சட்டை ஒரு பக்கம் பேண்ட்டுக்கு வெளியே தொங்குகிறது, நான்கு நாளாகச் சவரம் இல்லை. அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டு, நீங்க குடுத்ததை நான் ஒரு டம்ளர் மோருக்கு விட்டேன் என்று எப்படிச் சொல்வேன். இல்லீங்க டாக்டர் என்றேன். அந்த ஒரு இல்லைக்காக ஒன்பது நாள், சளியை எடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள், என்ன கிருமி என்று தேடித் தேடி ஒவ்வொரு மருந்தாக மாற்றினார்கள். கடைசியில் பழி நடைமேல் விழுந்தது. உடம்பு மீறி நடந்ததுதான் டீச்சர், வேற காரணம் தெரியல என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு, போன வாரம் இவரோடு செக்கப்புக்குப் போனபோது ஆஸ்பத்திரி ஹாலில் தையற்கடை வெங்கடலட்சுமி, அவளுக்கும் மாற்றுக் கிட்னிதான், அம்மா கொடுத்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் உங்களப் பாத்து பயந்து நான் நடக்கறதயே நிறுத்திட்டேன், எடை நாலு கிலோ ஏறிடுச்சு என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆயுசு முழுக்க நான் நம்பிய ஒன்று, என்னைத் தூக்கி நிறுத்திய ஒன்று, என் பொய்க்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. நடையிலும் தப்பு இருக்கலாம், அந்த வேகம், அந்த வெயில், அந்தக் கூட்டம், எல்லாம் சேர்ந்துதான். ஆனால் டிரம்முக்குள் முக்கிய சொம்பை யாரும் விசாரிக்கவே இல்லையே. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். எண் நன்றாக வந்தால் சொல்கிறேன், இல்லை, எண் மோசமாக வந்தால்தான் சொல்லியாக வேண்டும், நன்றாக வந்தால் எதற்குச் சொல்ல வேண்டும், பார், எப்படிப் புத்தி போகிறது, பிள்ளைகள் ரிலேயில் கோட்டை மிதித்துவிட்டு நான் இல்ல மிஸ் என்று நிற்குமே, அப்போது என்ன செய்தாய் இந்திராணி, வெளியே போ என்றாயே.

கேட் சத்தம். மணி ஐந்து பன்னிரண்டு. டி.வி.எஸ். வண்டி நிற்கிறது, ஸ்டாண்டு போடுகிறார், படியில் காலடி, ஒன்று, இரண்டு, நடுவில் ஒரு நிறுத்தம், மூச்சு வாங்குகிறாரா, காகிதத்தை மறுபடி பார்க்கிறாரா. நான் நிற்கவில்லை, வளையத்திலேயே சுற்றுகிறேன், அம்மா தாயே, இப்போது அதுகூட வாயில் வரவில்லை. மாடிக் கதவில் அவர் தலை தெரிந்தது. "ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றார். "காட்டுங்க." "காட்றேன், மொதல்ல நில்லு." காகிதத்தைப் பார்த்தேன், கறுப்பு எழுத்தில் ஒன்று, புள்ளி, இரண்டு, பக்கத்தில் என் பெயர், வயது, வேறு யாருடையதும் இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன், சூடு தெரியவில்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். அவர் தொட்டியோரம் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "என்னங்க, நான் மோர் குடிச்சேன்" என்றேன். "எப்ப?" "கொள்ளிடத்துகிட்ட. பந்தல்ல. டிரம்முல முக்கி ஊத்தினது. டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவர் சிரிப்பு போய்விட்டது. "ஒன்பது நாள்" என்றார். "ஒன்பது நாள் அந்தம்மா கேட்டுட்டே இருந்தாங்க இந்திரா. நான் பக்கத்துல நின்னேன்." "நீங்க நின்னதாலதான் சொல்ல முடியல. நீங்க ஒரு பயமும் இல்லாம தூக்கிக் குடுத்தது, நான் ஒரு டம்ளர் மோருக்கு..." அவர் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்தேன். "ஆபரேஷனுக்கு மொத நாள் சாயங்காலம் டீ குடிச்சிட்டு வரேன்னு வார்டுல இருந்து போனேன்ல?" என்றார். "ஆமா, ஒன்பது மணிக்கு வந்தீங்க. நர்ஸம்மா சத்தம் போட்டாங்க." "டீ குடிக்கப் போகல. கோயம்பேட்டுல திருச்சி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன்." எனக்குப் புரியவில்லை. "திருச்சிக்கு எதுக்கு?" "எதுக்கா? பயம். வயித்தக் கிழிப்பாங்களேன்னு பயம். டிக்கெட்டும் வாங்கிட்டேன். தாம்பரம் வரைக்கும் போயிட்டேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் ஏன் இறங்கினீங்க?" "வீட்டுக்குப் போயி என்ன பண்றதுன்னு தோணுச்சு. வீட்ல நீ இருக்க மாட்டியே. இறங்கி எலெக்ட்ரிக் டிரெயின் புடிச்சு வந்துட்டேன். அன்னிக்கி ராத்திரி நான் தூங்கவே இல்ல, சும்மா கண்ண மூடிக் கிடந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எழுந்திரு, கீழ வா. டாக்டருக்குப் போன் போட்டுத் தரேன், நீயே சொல்லு. அந்தத் தையற்கடைப் பொண்ணுகிட்டயும் சொல்லு, நடக்கச் சொல்லு."

கையைக் கொடுத்தார், பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் முன்னால் படியிறங்குகிறார், கிட்னி எடுத்த இடது விலாப்பக்கம் ஒரு கையை லேசாக அண்டக் கொடுத்துக்கொண்டு, நான் பின்னால். சொன்னால் டாக்டர் என்ன சொல்வார்களோ, திட்டுவார்கள், திட்டட்டும், வெங்கடலட்சுமி நாளையிலிருந்து நடப்பாள். பயமே தெரியாதவன் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு நாலு வருஷமாகக் காலையும் மாலையும் நன்றி சொல்லியிருக்கிறேன், அவ்வளவும் யாரோ ஒரு ஆளுக்குப் போய்விட்டது. சட்டைப் பையில் திருச்சி டிக்கெட்டோடு நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தவர் இவர், பக்கத்துக் கட்டிலில் விடிய விடியக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர். கிட்னிக்கு நன்றி சொல்லியாயிற்று. தாம்பரத்தில் இறங்கியதற்கு இன்னும் சொல்லவில்லை.